நாற்பது சென்டிமீட்டருக்கு மேல்

மரங்களின் எடையைக் கணக்குப் போடும் வேலையில் இருந்தேன் என்று சொன்னால் இந்த டில்லி துவாரகா சொசைட்டியில் ஒருவரும் நம்புவதில்லை. எதிர் ஃப்ளாட் அம்மாள், "டிம்பர் பிசினஸா?" என்று கேட்டார். என் அம்மாவே அந்தக் காலத்தில் நம்பவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, அப்பாவுக்குக் கொடுத்திருந்த கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் அடுக்களையில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டே, "நட்டமா நிக்க மரத்த எப்படிட்டி தராசுல வைப்பிய?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதற்குத்தான் எங்கள் ஆபீஸே இருந்தது.

விஷயம் பெரிதொன்றுமில்லை. காட்டில் கொஞ்சம் மரங்களை வெட்டுவார்கள். தண்டு, கிளை, இலை எல்லாவற்றையும் தனித்தனியாக எடை போடுவார்கள். இத்தனை விட்டமுள்ள மரம் இத்தனை எடை இருக்கும் என்று அதிலிருந்து ஒரு சமன்பாடு கிடைக்கும். அதற்குப் பிறகு வெட்ட வேண்டாம். நிற்கிற மரத்தை நெஞ்சு உயரத்தில் டேப்பால் சுற்றி அளந்து, அந்தச் சுற்றளவை விட்டமாக்கிக் கொடுத்தால் போதும், எடையைச் சமன்பாடு சொல்லிவிடும். எழுபதுகளின் கடைசியில், நாட்டில் அடுப்பெரிக்க எவ்வளவு விறகு இருக்கிறது என்று சர்க்காருக்குக் கவலை வந்திருந்தது. அந்தக் கவலையில் பிறந்த ஆபீஸ் எங்களுடையது. கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்து, கம்ப்யூட்டருக்கு ஃபோர்ட்ரானில் ப்ரோகிராம் எழுதத் தெரிந்த இருபத்துநான்கு வயதுப் பெண்ணாக நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் கம்ப்யூட்டரை ஆட்டிவைக்கிறாள் என்று எனக்கே என்னைப் பற்றி ரொம்பப் பெருமை. அந்தப் பெருமையைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சமன்பாட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. சால மரத்துக்கு எங்களிடம் இருந்த சமன்பாடு, பத்து சென்டிமீட்டர் விட்டத்திலிருந்து நாற்பது வரை உள்ள மரங்களை வெட்டி எழுதப்பட்டது. அதற்கு மேல் பெரிய மரங்களை வெட்ட அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே நாற்பதுக்கு மேல் அந்தச் சமன்பாட்டுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று அது சொல்லவும் சொல்லாது. எண்பது சென்டிமீட்டர் மரத்தைக் கொடுத்தாலும் கூசாமல் ஒரு எடையைச் சொல்லும். அது சரியாகவும் இருக்கலாம், மலைக்கும் மடுவுக்குமாகவும் இருக்கலாம். எங்கள் அதிகாரி, கண்டிப்பான, நேர்மையான மனிதர், என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "நாற்பதைத் தாண்டவிடாதே." எப்படி என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே.

இனி அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் ஆபீசின் கள உதவியாளர். கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். இமயமலை அடிவாரத்துத் தராய்க் காடுகளில் டேப்பும் நோட்டுமாகத் திரிந்து மரங்களை அளப்பது அவர் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவு நோட்டுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு டில்லிக்கு வருவார். பத்து நாள் இருந்து, நோட்டில் உள்ளதையெல்லாம் கம்ப்யூட்டர் படிக்கிற அட்டைக் கார்டில் ஓட்டை போட வைத்து, ஒன்று விடாமல் சரிபார்த்துவிட்டுத் திரும்புவார். நோட்டுகள் ரெஜிஸ்டரில் ஏற்றுவதற்காக காட்டுப் பக்கத்து மலை ஆபீசுக்கே போய்விடும். கார்டுகள் என் மேஜைக்குப் பக்கத்து இரும்பு அலமாரியில் தட்டுத் தட்டாக இருக்கும்.

வெயிலில் கறுத்து, காதோரம் எப்போதும் ஏதாவது பூச்சிக்கடித் தழும்போடு வருவார். கோடு போட்டதுபோல நறுக்கென்று எழுதுவார். நான் அவரை வம்புக்கு இழுப்பேன். "மரத்துக்கு மரம் நடக்கிறீங்களா, இல்ல டீக்கடையில உக்காந்தே எழுதுறீங்களா?" என்பேன். "டீக்கடை இருந்தா நான் ஏனுங்க டில்லிக்கு வாறேன், அங்கயே இருந்துக்க மாட்டனா?" என்பார். இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு பொங்கலுக்கு, குடும்பத்தை விட்டுத் தனியாக இருக்கும் தமிழ்ப் பையன்களுக்கெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பாடு போட்டோம். அம்மா தேங்காய்ப்பால் எடுத்துச் சொதி வைத்திருந்தாள். திருநெல்வேலிச் சொதியை அவர் அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. மூன்று தரம் வாங்கி ஊற்றிச் சாப்பிட்டார். "வெக்கப்படாமச் சாப்பிடுதாவல்லா, நல்ல தம்பி" என்று அம்மா அடுக்களையில் என்னிடம் சொன்னாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது, அம்மா பார்க்கவில்லை.

பெண் கேட்டு வர, வேலை தற்காலிகம் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே தடை. மார்ச்சோடு நிரந்தரமாக்கும் பட்டியல் போடுவார்கள், அதில் அவர் பெயர் இருந்தது. "ஆர்டரு கைக்கு வந்துட்டா, அப்பாவைக் கூட்டிட்டு உங்கூட்டுக்கு வர்றனுங்க" என்று பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, வருகிற பஸ்ஸின் நம்பரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அச்சா" என்றேன். அது எந்த நம்பர் பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறி, லோதி ரோடில் இறங்கி நடந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் சரிபார்த்து வைத்த கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் முறை வந்தது. எங்களுக்குச் சொந்தக் கம்ப்யூட்டர் கிடையாது. சர்க்கார் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் வாரத்துக்கு ஒரு வேளை எங்களுக்கு. கார்டுகளை ரப்பர் பாண்டு போட்டுக் கவுண்டரில் கொடுத்துவிட்டு வந்தால் மறுநாள் அச்சடித்த காகிதம் கிடைக்கும். கவுண்டர் நாலு மணிக்கு மூடிவிடும். மூன்றரைக்குத்தான் அதிகாரி சொன்ன நாற்பது எனக்கு ஞாபகம் வந்தது. அங்கேயே நின்றபடி, ஒரு கார்டில் ஒரே ஒரு வரி அடித்து நடுவில் செருகினேன். விட்டம் நாற்பதுக்கு மேல் போனால் அதை நாற்பது என்று வைத்துக்கொள். அவ்வளவுதான் அந்த வரி. பெரிய மரத்துக்கு நாற்பது சென்டிமீட்டர் மரத்தின் எடையைக் கொடுத்தால் வம்பில்லை என்று எனக்குத் தோன்றியது. ஜல்தி ஜல்தி என்று கவுண்டர்க்காரன் கத்தினான். கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தச் சனியன் பிடித்த வரி என்ன செய்தது என்று இப்போது சொல்கிறேன். உண்மையான விட்டத்தைத் தனியாக ஒரு பெயரில் பத்திரமாக வைத்துவிட்டு, கணக்குக்கு மட்டும் வேறொரு பெயரில் நாற்பதை வைத்திருக்க வேண்டும். கத்துக்குட்டிகூடச் செய்வான். நான் விட்டம் இருந்த அதே இடத்தில், அதை அழித்துவிட்டு, நாற்பதை வைத்தேன். கடைசியில் கம்ப்யூட்டர் பட்டியலை அச்சடித்தபோது அந்த இடத்தில் இருந்ததைத்தானே அச்சடிக்கும். ஒவ்வொரு பெரிய மரத்துக்கு எதிரிலும் 40.0, 40.0, 40.0 என்று பக்கம் பக்கமாக வந்தது.

பட்டியலை அதிகாரிதான் முதலில் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டதாக நினைத்தார். சமன்பாட்டின் வரம்பு நாற்பது என்று களத்தில் உள்ளவர்களுக்கெல்லாம் சுற்றறிக்கை போயிருந்தது. அதைத் தெரிந்துகொண்டு, பெரிய மரங்களை அளக்கச் சோம்பல்பட்டு, எல்லாவற்றுக்கும் நாற்பது என்று எழுதிவிட்டான் இந்தப் பையன். அப்படி எழுதுகிற ஆட்களை அவர் இருபது வருஷமாகப் பார்த்திருக்கிறார். ரெஸ்ட் ஹவுஸ் டேட்டா என்று அதற்கு ஆபீசில் ஒரு பெயரே உண்டு.

கள உதவியாளரை அறைக்குள் கூப்பிட்டு விசாரித்தார். இவரோ, மரத்தின் சுற்றளவைத்தான் எழுதுவதாகவும், விட்டம் எழுதுவதே இல்லை என்றும் சொன்னார். நோட்டை மலை ஆபீசிலிருந்து வரவழைத்துப் பாருங்கள் என்றார். அதிகாரி பட்டியலைத் தூக்கிக் காட்டினார். "இது நீ எழுதியதா, கம்ப்யூட்டர் எழுதியதா?" என்று கேட்டார். அந்த நாளில் அதற்குமேல் யாரும் வாயைத் திறக்க முடியாது. கம்ப்யூட்டர் என்றால் கோயில் மூலவர் மாதிரி. நாங்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தச் சென்டர் ஹாலுக்குள் போவோம், தூசி படக்கூடாதென்று.

இடைவேளையில் அவர் என்னைத் தேடி வந்தார். ஆபீஸுக்குப் பின்னால் புல்வெளியில் ஜனவரி வெயிலில் எல்லோரும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம்.

"ஒவ்வொரு மரத்தையும் நானேதான் டேப்பு சுத்தி அளந்தனுங்க" என்றார். "சில மரத்துக்கு டேப்பு பத்தாம, மறுக்கா வெச்சு அளந்தேன். எப்பிடி நாப்பது வரும்? எனக்கு வெளங்கலீங்க. நீங்கதான கணக்குப் போடறீங்க, கொஞ்சம் பாருங்க."

பாருங்க என்றுதான் கேட்டார். நம்புங்க என்றுகூடக் கேட்கவில்லை. என் இடத்திலிருந்து அலமாரி இரண்டு எட்டு. ஒரு தட்டை இழுத்து ஒரு கார்டை எடுத்திருந்தால் அதன் மேல் ஓரத்திலேயே சுற்றளவு அச்சாகியிருக்கும், ஓட்டையைக்கூடப் படிக்க வேண்டாம். நான் எடுக்கவில்லை. நான் எழுதிய ப்ரோகிராமில் தப்பு இருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. கவுண்டரில் நின்று செருகிய வரி எடையைத்தான் நிறுத்தும் என்று நினைத்திருந்தேன். விட்டத்தை அது தின்றுவிடும் என்று தோன்றவே இல்லை. காலையில்தான் அதிகாரி என்னிடமும், "உன் ஊர்க்காரன் இப்படிச் செய்வான் என்று நினைக்கவில்லை" என்று சொல்லியிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அவருக்காக அல்ல, எனக்காக. ஆபீசில் பாதிப் பேருக்கு எங்கள் விஷயம் தெரியும்.

"கம்ப்யூட்டர் தானா நாப்பதுன்னு கற்பனை பண்ணி எழுதுமா?" என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா. "பெரிய மரத்த அளக்கக் கஷ்டமா இருந்தா, சொல்லியிருக்கலாமே. எல்லாரும் பண்றதுதான். இப்ப ஒத்துக்கிட்டா வார்னிங்கோட விட்டுடுவாரு, மார்ச் பட்டியல்ல பேரு இருக்கும்" என்றேன். அவருக்கு உதவி செய்கிறதாக நினைப்பு எனக்கு. மகா புத்திசாலி. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். வழி கேட்டு, தெரியாது என்ற பதில் கிடைத்த ஆள் போலப் பார்த்தார்.

"செரிங்க" என்றார். "அப்ப நான் வாறனுங்க."

மறுநாள் ஆபீசுக்கு வரவில்லை. தற்காலிக ஊழியருக்கு வேலையை விட ஒரு கடிதம் போதும். அதை அதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறிவிட்டார் என்று தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அந்த அழுகையில் பாதி ஆத்திரம். தப்பையும் செய்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடிவிட்டார் என்று அவர் மேல் ஆத்திரம். ஒரு மாதம் அப்படியே இருந்தேன். யாராவது அவர் பெயரை எடுத்தால், "விடுங்க, போனவங்கள பத்தி என்ன" என்பேன். அம்மா, "அந்தத் தம்பிய ஏன் காங்கல?" என்று கேட்டபோது, மாற்றலாகிவிட்டது என்று சொன்னேன்.

மார்ச்சில் வேறொரு காட்டில் அளந்த வேறொரு கள உதவியாளரின் கார்டுகள் வந்தன. அவர் கர்வால் மலைக்காரர், வயதானவர், அடுத்த வருஷம் ஓய்வு. அதே ப்ரோகிராமில் ஓட்டினேன். காகிதத்தை விரித்தேன். 40.0. அடுத்த வரி 40.0. பக்கத்தைத் திருப்பினேன். 40.0.

அதிகாரி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இந்தக் கிழவனுமா? எல்லோரும் திருடர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு பேர், இரண்டு காட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரே எண்ணை எழுதுவார்களா? எழுந்து அலமாரிக்குப் போனேன். கிழவரின் தட்டை எடுக்கவில்லை. அவருடைய தட்டை எடுத்தேன். முதல் கார்டு. சுற்றளவு 188. அடுத்தது 203. அதற்கடுத்தது 241. எல்லாம் நாற்பதுக்கு எவ்வளவோ மேல் போகிற மரங்கள். ஒரு எண் இன்னொன்று மாதிரி இல்லை. கீழே உட்கார்ந்து தட்டு முழுவதையும் பார்த்தேன். ஆபீஸ் பியூன் வந்து, "க்யா ஹுவா, பஹன்ஜி?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அந்த மனுஷர் காட்டில் கொசுக்கடியில் நின்று எழுதிய ஒவ்வொரு எண்ணையும் நான் ஒரே வரியில் அழித்திருந்தேன், அழித்த கையோடு அவரைத் திருடன் என்றும் சொல்லியிருந்தேன்.

அதிகாரியின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தேன். "சார், தப்பு என்னுடையது" என்றேன். விளக்கிச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. கெட்டவர் அல்ல அவர். ஆனாலும் முதலில், "ப்ரோகிராமைத் திருத்திவிடு, பேப்பரில் எதுவும் வேண்டாம்" என்றார். நான் முடியாது என்றேன். அதுவரை அவரிடம் முடியாது என்ற சொல்லைச் சொன்னதே இல்லை. நானே ஒரு குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு, கோப்பில் வைத்தேன். தவறு கணக்குப் போட்ட என்னுடையது, கள உதவியாளருடையது அல்ல என்று எழுதினேன். என்னை எச்சரித்து ஒரு மெமோ வந்தது. இரண்டு வாரம் கழித்து, திரும்பி வந்து சேரும்படி அவருக்கு ஆபீசிலிருந்து கடிதம் போனது.

ப்ரோகிராமை மூன்று நாள் உட்கார்ந்து மாற்றினேன். அளந்த விட்டத்தை இனி எதுவும் தொடாதபடி வைத்தேன். வரம்புக்குள் இருக்கும் மரத்தின் எடை ஒரு வரிசையில். வரம்புக்கு மேலும் கீழும் உள்ள மரங்களுக்கு நட்சத்திரக் குறி போட்டுத் தனி வரிசை. கடைசியில், இத்தனை மரங்களுக்கு இந்தச் சமன்பாடு பொருந்தாது என்று வெளிப்படையாக ஒரு வரி. அந்தப் பெரிய மரங்களையெல்லாம் நாற்பதில் நிறுத்தியதால் காட்டின் மொத்த எடையையே எவ்வளவோ குறைத்துச் சொல்லியிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு பெரிய மரம் பத்துப் பதினைந்து சின்ன மரத்துக்குச் சமம். அதிகாரி பார்த்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்றார். எனக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது.

நானும் ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். நான்கு முறை எழுதிக் கிழித்து, ஐந்தாவதைப் போட்டேன். கணக்கு எப்படித் தப்பாயிற்று என்று எழுதினேன். வந்துவிடுங்கள் என்று எழுதினேன். நான் அன்று புல்வெளியில் பேசியதைப் பற்றி, மன்னியுங்கள் என்று ஒரே சொல்தான் எழுத முடிந்தது. மடித்து ஒட்டும்போது எச்சில் வறண்டுபோய் நாக்கு ஒட்டிக்கொண்டது.

பதில் ஏப்ரல் கடைசியில் வந்தது. வீட்டு விலாசத்துக்கு. அதே நறுக்கென்ற எழுத்து.

"வணக்கம். ஆபீஸ் கடிதம் கிடைத்தது, உங்கள் கடிதமும் கிடைத்தது. தப்பு எங்கே என்று தெரிந்ததில் எனக்கு நிம்மதி. திரும்பி வர மனசு வரவில்லை. இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் பெண் பார்த்திருக்கிறார்கள், நானும் சரி சொல்லிவிட்டேன், வைகாசியில் கல்யாணம். அதிகாரி நம்பாததில் எனக்கு வருத்தமில்லை, அவருக்கு என்னைத் தெரியாது. உங்கள் கணக்கில் தப்பு இருக்கிறது என்று யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால், நான் முதலில் உங்களிடம்தான் கேட்டிருப்பேன். இல்லை என்று நீங்கள் சொல்லியிருந்தால் அதோடு விட்டிருப்பேன். வெயில் காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்."

நின்றபடியே படித்தேன். தப்பு என் கணக்கில்தான் இருந்தது. இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அதையும் நம்பியிருப்பார். கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று. கோபி தபால் முத்திரை மட்டும் இருந்தது.

"யாருட்டி எழுதிருக்கா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"பொங்கலுக்கு வந்தாங்கல்லம்மா, அவங்க. கல்யாணமாம்."

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "நல்ல தம்பில்லா. எந்த ஊருப் பொண்ணாம்?"

"எழுதலம்மா."

"எங்கயோ இருந்துகிட்டு நம்மள மறக்காம எழுதிருக்காவ பாரு. சும்மா இருக்கப்படாது. ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ் வாங்கி அனுப்பிருவோம். பொண்ணுக்கு ஆவும்."

மறுநாள் அம்மாவும் நானும் கரோல் பாக் போய் வாங்கினோம். மூடியில் மயில் போட்டதை அம்மா எடுத்தாள், நான் நன்றாயிருக்கிறது என்றேன். பஞ்சு வைத்து, அட்டைப் பெட்டியில் போட்டு, துணியால் தைத்து நான்தான் பார்சல் கட்டினேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத வராது. பெறுநர் விலாசத்தை நான் எழுதினேன். அனுப்புநர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன்.